சிக்கனமும் மரியாதையும்: நம் வரலாறு தரும் பாடம்

பிள்ளைகளுக்குச் சிக்கனத்தையும் மரியாதையையும் கற்பிக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். பேசுவது தவறன்று. ஆயினும் இவ்விரு சொற்களும் நம் மக்களின் வரலாற்றில் எவ்வாறு வழங்கின என்பதை இளைஞர்கள் முதலில் அறிதல் வேண்டும்.

நம் முன்னோர் வீண்செலவு செய்து வறியவரானவர் அல்லர். அவர்களுக்குக் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. கலியாணத்திற்கும் சாவிற்கும் பண்ணையிலேயே கடன் பெற்றனர். எழுதியிருப்பது என்னவென்று அறியாமல் கைநாட்டு வைத்தனர். தந்தை பட்ட கடனுக்கு மகன் ஆளானான். 1952-இல் வந்த தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், பண்ணையாட்களை நினைத்தபோது வெளியேற்றுவதைத் தடுக்க முற்பட்டது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடன்களையே செல்லாதவை ஆக்கியது.

மரியாதையின் கதையும் இதுவே. செருப்பைக் கையில் ஏந்துவதும், தோள்துண்டை இடுப்பில் கட்டுவதும் மரியாதை எனக் கற்பிக்கப்பட்டன. அது மரியாதை அன்று, அச்சம்.

இவ்விரண்டிற்கும் புதுப்பொருள் தந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1918-இல் பம்பாய் சைடனம் கல்லூரியில் அவர் பேராசிரியரானபோது மாத ஊதியம் 450 ரூபாய். அக்காலத்தில் அது பெருந்தொகை. எனினும் பரேல் பகுதியின் தொழிலாளர் குடியிருப்பிலேயே குடும்பம் வாழ்ந்தது. தடைப்பட்ட லண்டன் படிப்பை முடிக்க அவர் பணம் சேர்த்தார். அச்சிக்கனத்தின் சுமையைச் சுமந்தவர் அன்னை ரமாபாய் என்பதை மறத்தல் ஆகாது. சேமிப்போடு, நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற 5,000 ரூபாய்க் கடனும், கோலாப்பூர் சாகு மகாராஜரின் உதவியும் சேர, 1920-இல் கப்பலேறினார். அங்கே அரைவயிற்று உணவோடு பயின்று 1923-இல் திரும்பினார். அவருக்கு டி.எஸ்சி. பட்டம் பெற்றுத் தந்த ஆய்வு, ரூபாயைப் பற்றியதே! வட்டியும் வரவும் அறியாதவர் என இகழப்பட்ட மக்களின் மைந்தர், ஒரு நாட்டின் நாணயத்தையே ஆராய்ந்தார்.

1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில், எச்சில் உணவை ஏற்காதீர், செத்த மாட்டின் இறைச்சியை விடுங்கள், தன்மானத்தோடு வாழுங்கள் என்று அவர் வலியுறுத்தினார். மறுநாள் சவுதார்க் குளத்தில் மக்களோடு நீர் பருகினார். அவ்வாண்டு டிசம்பரில், இழிவின் அடையாளமான கனத்த ஈய, வெள்ளி அணிகளை விடுமாறும், பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்புமாறும் தாய்மார்களிடம் கூறினார். அங்கே சிக்கனமும் மரியாதையும் விடுதலையும் ஒன்றாயின.

இளைஞர்களே! வயிற்றை ஒடுக்குவது சிக்கனம் அன்று. நாளைய நோக்கம் ஒன்றிற்காக இன்றைய ஆசையை அடக்குவதே சிக்கனம். வரவையும் செலவையும் நாள்தோறும் எழுதுங்கள். படித்தறியாத தாளில் கையொப்பம் இடாதீர்கள். கைப்பேசியில் எளிதாய்க் கிடைக்கும் கடனுக்கும் வட்டி உண்டு. அதிகாரியிடம் நிமிர்ந்து நின்று இன்சொல் பேசுங்கள். தெருவைத் துப்புரவு செய்யும் அம்மையாரிடமும் அதே இன்சொல்லைப் பேசுங்கள். எல்லோரிடமும் ஒன்றாயிருப்பதே மரியாதை. ஆள் பார்த்து மாறுவது பணிவு அன்று, அடிமைத்தனம்.

கைநாட்டு வைத்த விரல்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்று நம் விரல்களில் பேனா இருக்கிறது. அதைக் கொண்டு எதில் கையொப்பமிடுகிறோம் என்பதை அறிந்து இடுவோம்.