இருப்பதாகச் சொல்லும் கனவான்

1695ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் லண்டனில் வெளியான ஓர் இதழில் சிறு விளம்பரம் ஒன்று இடம்பெற்றது. வேளாண்மையும் வணிகமும் செழிக்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு ஜான் ஹௌட்டன் என்பவர் நடத்திய இதழ் அது. ஏறத்தாழ முப்பது வயதுடைய கனவான் ஒருவர், தமக்கு நல்ல சொத்து இருப்பதாகச் சொல்பவர், 3,000 பவுன் அளவுக்குச் செல்வமுள்ள இளம்பெண்ணை மணக்க விரும்புகிறார் என்பது அதன் சாரம். துணை தேடும் விளம்பரங்களின் வரலாற்றை எழுதுவோர் பலர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். வயதையும் பவுனையும் விட நம் கண்ணில் படுவது ‘இருப்பதாகச் சொல்பவர்’ என்னும் தொடரே. சொத்து உண்டு என்று இதழ் உறுதி கூறவில்லை. அவர் சொல்கிறார், நாம் அச்சிடுகிறோம், ஆராய வேண்டியது உங்கள் பொறுப்பு என்று இடையில் நிற்பவர் ஒதுங்கிக்கொள்கிறார்.

அந்த ஒதுக்கத்தில் ஒரு நேர்மை இருந்தது. அது எப்போது, எதனால் தொலைந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. திருமணத்தை நாடாமல், வயது வந்தோர் தற்காலிக நட்பும் உறவும் தேடிச் செல்லும் இணையத் தளங்களை எப்படி எடைபோடுவது என்று இன்று கேட்டால், பத்துத் தளங்களை வரிசைப்படுத்தி நட்சத்திரக் குறியிடும் பட்டியல்கள்தாம் விடையாகக் கிடைக்கின்றன. அத்தகைய பட்டியல்களில் பல, தம் வழியே சேரும் ஒவ்வொருவருக்கும் அந்தத் தளங்களிடமிருந்தே தரகு பெறுபவை. எனவே வேறொரு அளவுகோல் வேண்டும். அதை வரலாற்றில் தேடலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. அவ்வுறவுகள் தக்கவையா தகாதவையா என்னும் தீர்ப்புக்குள் நாம் இங்கே நுழையவில்லை. இருவருக்கும் நடுவே நிற்கும் மூன்றாமவரைப் பற்றியே பேச முனைகிறோம்.

அம்மூன்றாமவருக்கு நம் அக இலக்கணத்தில் ஒரு பெயருண்டு: வாயில். தோழியும் பாணனும் விறலியும் வாயில்கள். மருதத்திணையில் தலைவனுக்காகப் பரிந்து பேச வரும் பாணனைத் தோழி திருப்பி அனுப்புவது ஒரு துறையாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. பாணன் யாருடைய சோற்றை உண்கிறானோ அவனுக்காகவே பேசுவான் என்பது தோழிக்குத் தெரியும். இந்த ஐயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே செல்வோம்.

திருமணம் என்ற சொல்லே இல்லாமல் தோழமைக்கென விளம்பரம் செய்த இதழ்களுள் பெயர் பெற்றது, 1915இல் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேரட் தொடங்கிய ‘தி லிங்க்’. தனிமையில் இருப்பவர்கள் சில சொற்களில் தம்மை விவரித்துக்கொள்வார்கள். கட்டுப்பாடுகளை விரும்பாதவர், கலையுள்ளம் கொண்டவர் என்பன போன்ற சொற்கள் அங்கே குறிச்சொற்களாக வழங்கின; விவரம் அறிந்தவர் அவற்றைப் படித்தே ஆளை அறிந்துகொள்வர். ஓரினச் சேர்க்கை குற்றமாக இருந்த அக்காலத்தில், வேறெந்தக் கதவும் திறவாத ஆண்கள் சிலருக்கு அவ்விதழ் ஒரு சாளரமாக இருந்தது. அவர்களுள் சிலர் எழுதிய கடிதங்கள் காவல்துறையின் கையில் சிக்கின. 1921இல் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில், பொது ஒழுக்கத்தைக் கெடுக்கச் சதி செய்ததாகப் பேரட்டும் விளம்பரம் வழியே பழகிய மூவரும் தண்டிக்கப்பட்டார்கள். நால்வருக்கும் ஈராண்டுக் கடுங்காவல். அத்தோடு இதழும் முடிந்தது.

இங்கே பேரட் யாரையும் ஏமாற்றவில்லை. விளம்பரம் செய்தவர்கள் மெய்யான மனிதர்கள். ஆயினும் எழுதிவைத்த ஆசை ஒருநாள் சாட்சியமாக மாறக்கூடும் என்பதை அவ்வழக்கு காட்டியது. இடையில் நிற்பவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது. தாளில் பதிந்தது எங்கே தங்குகிறது என்பதும் கேட்கப்பட வேண்டும்.

அடுத்து வந்த வாயில், கணிப்பொறி. 1959இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் இருவர், வகுப்புப் பாடத்தின் பகுதியாக 49 ஆண்களையும் 49 பெண்களையும் ஐ.பி.எம். 650 கணிப்பொறியின் துணையால் இணை சேர்த்துப் பார்த்தார்கள். 1964இல் லண்டனில் ஜோன் பால் என்னும் பெண்மணி கணிப்பொறி வழியே துணை தேடித் தரும் நிறுவனம் ஒன்றை நடத்தத் தொடங்கினார். தமக்கு என்ன வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் கேட்டறிந்து பொருத்தம் பார்த்தது அவருடைய தனித்தன்மை. 1965இல் ஹார்வர்டு மாணவர்கள் ‘ஆபரேஷன் மேட்ச்’ என்பதைத் தொடங்கினார்கள். கட்டணம் 3 டாலர். தன்னைப் பற்றி 75 கேள்விகள், தான் விரும்பும் இணையைப் பற்றி 75 கேள்விகள்.

இந்த 3 டாலரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஒருமுறை பணம் கட்டினால் பெயர்ப்பட்டியல் தபாலில் வரும். கணக்கு அத்தோடு முடியும். சந்திப்பு இனித்தாலும் கசந்தாலும் நிறுவனத்துக்கு அதற்குமேல் வரவில்லை. நம்மைக் காக்கவைப்பதில் அதற்கு ஆதாயம் ஏதுமில்லை.

ஆதாயம் பிறந்தது பிரான்ஸில். 1980களின் தொடக்கத்தில் அந்நாட்டுத் தொலைபேசித் துறை மினிடெல் என்னும் சிறு திரைப்பெட்டியை வீடுதோறும் இலவசமாக வழங்கியது. தொலைபேசி எண்களைத் தேடவும் ரயில் சீட்டு எடுக்கவும் என்று வந்த கருவி அது. ஸ்ட்ராஸ்பர்க் நகரச் சோதனை ஒன்றில், உதவி கேட்பதற்கென இருந்த செய்தி வசதியைப் பயனர்கள் தமக்குள் அரட்டைக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அதில் ஒரு தொழில் இருப்பதை நிறுவனங்கள் கண்டுகொண்டன. 1984இல் வந்த கட்டண முறையின்படி, பயனர் எவ்வளவு நேரம் திரைமுன் இருக்கிறாரோ அதற்கேற்பத் தொலைபேசிக் கட்டணம் ஏறும். அதில் பெரும்பங்கு சேவை நடத்துபவருக்குப் போகும். ‘இளஞ்சிவப்பு’ அரட்டைகள் என்று அழைக்கப்பட்ட காமச் சுவையுள்ள சேவைகள் பெருகின. ‘36 15 உல்லா’ என்னும் சுவரொட்டிகள் பாரிஸ் சுவர்களை நிறைத்தன. பெயர்பெற்ற பத்திரிகைகள் சிலவும் அத்தகைய சேவைகளை நடத்திப் பொருள் ஈட்டின.

நிமிடத்துக்கு நிமிடம் வருவாய் என்றால், பேச்சை நீட்டுவதே தொழில். ஆண்கள் மிகுந்தும் பெண்கள் குறைந்தும் இருந்த அரட்டைகளில், கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் பெண் பெயர் பூண்டு பல திரைகளில் ஒரே நேரத்தில் உரையாடினார்கள். அவர்களுள் ஆண்களும் உண்டு. ஹௌட்டனின் இதழில் ‘இருப்பதாகச் சொன்னவர்’ ஒரு கனவான். இங்கே அப்படிச் சொல்பவரையே வாயில் படைத்துவிட்டது. நேர்மை தொலைந்த இடம் இதுவே என்பது நம் கருத்து.

ஆனால் மினிடெலுக்கு உரிய பெருமை ஒன்றையும் மறைக்கலாகாது. அந்தச் சேவைகளில் நுழையப் பெயர் பதிய வேண்டியதில்லை, அட்டை எண் தர வேண்டியதில்லை. மாத இறுதியில் வரும் தொலைபேசிச் சீட்டில் மொத்தத் தொகை மட்டுமே இருக்கும்; எந்தச் சேவைக்குச் சென்றார் என்பது இருக்காது. பொய்ப்பெண்ணிடம் பணத்தை இழந்தவரும் தம் பெயரை இழக்கவில்லை. 2012 ஜூன் 30இல் மினிடெல் நிறுத்தப்பட்டபோது, அந்தப் பாதுகாப்பும் அதனோடு போயிற்று.

இணையம் இவ்விரண்டையும் தலைகீழாக்கியது. பொய்யை வைத்துக்கொண்டது, மறைவைக் கைவிட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜே.டி.ஐ. டேட்டிங் என்னும் நிறுவனம் 18 தளங்களை நடத்தியது. இலவசமாகப் பதிவு செய்தவருக்கு உடனே செய்திகள் வரும். பதில் அனுப்பப் பணம் கட்ட வேண்டும். அச்செய்திகளை எழுதியவர்கள் இல்லாத மனிதர்கள். ‘வி.சி.’ என்னும் சிறு குறி ஓரமாக இருக்கும். அது கற்பனைப் பாத்திரம் என்பதற்கு அடையாளமாம். சந்தாவும் கேளாமலே புதுப்பிக்கப்பட்டது. 2014இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி அந்நிறுவனம் 6,16,165 டாலர் திருப்பித் தர நேர்ந்தது.

அடுத்த ஆண்டு வந்தது, உலகறிந்த ஆஷ்லி மேடிசன் விவகாரம். கனடாவில் தொடங்கிய அத்தளம், மணமானவர்கள் மறைவாக உறவு தேடுவதற்கென்றே விளம்பரப்படுத்தப்பட்டது. ஆண்கள் செய்தி அனுப்பப் பணம் கட்ட வேண்டும். 2015 ஜூலையில் ஒரு குழு தகவல்களைக் கவர்ந்தது. ஆகஸ்டில் ஏறத்தாழ 3.6 கோடிக் கணக்குகளின் விவரங்கள் வெளியிடப்பட்டன. 2016இல் கனடா, ஆஸ்திரேலியா நாடுகளின் தனியுரிமை ஆணையர்கள் வெளியிட்ட அறிக்கையும் அமெரிக்க ஆணையத்தின் வழக்கும் உள்ளே நடந்ததை வெளிக்கொணர்ந்தன. தளத்தின் முகப்பில் பொறிக்கப்பட்டிருந்த பாதுகாப்பு விருது அந்நிறுவனமே புனைந்துகொண்டது. நெடுநாள் தளத்துக்கு வராத உறுப்பினர்களின் படங்களையும் விவரங்களையும் எடுத்துப் பொய்ப்பெண்கள் உருவாக்கப்பட்டனர். 19 டாலர் கட்டினால் தடயமின்றி அழிப்பதாகச் சொல்லி வாங்கிய பணத்துக்குப் பின்னும், விவரங்கள் 12 மாதம் வரை வைக்கப்பட்டிருந்தன. சிலருடையவை அழிக்கப்படவே இல்லை. விதிக்கப்பட்ட தொகை 175 லட்சம் டாலர். இயலாமையைக் காட்டியதால் கட்டியது ஏறத்தாழ 16 லட்சம்.

பணக் கணக்கு அவ்வளவே. மனிதக் கணக்கு வேறு. பெயர் வெளியானவர்களுக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன. வெளியீட்டோடு தொடர்புடையவை என்று கூறப்பட்ட இரு தற்கொலைகள் பற்றிய உறுதிப்படாத தகவல் தமக்கு வந்திருப்பதாக டொரன்டோ காவல்துறை 2015 ஆகஸ்டில் அறிவித்தது. 1921இல் நால்வருக்கு நேர்ந்தது, ஒரே நாளில் கோடிக்கணக்கானோரின் தலைக்குமேல் தொங்கியது. அவர்களுள் பலர் மெய்யான ஒரு மனிதரைக்கூட அங்கே சந்திக்காதவர்களாக இருந்திருக்கக்கூடும் என்பது இந்தக் கதையின் கொடிய பகுதி.

பாடம் கற்கப்பட்டதா? 2016இல் ஃபிரண்ட்ஃபைண்டர் குழுமத்தின் தளங்களிலிருந்து 40 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் கசிந்ததாகச் செய்தி வந்தது. அவற்றுள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி, உரியவர்கள் அழித்துவிட்டதாக நம்பியிருந்தவை. 2021இல் கிரைண்டர் செயலி, முறையான ஒப்புதலின்றிப் பயனர் தகவலை விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்ததற்காக நார்வேயின் தரவுக் காப்பு அமைப்பால் 6.5 கோடி குரோனர் தண்டம் விதிக்கப்பட்டது. மறுபுறம், கிரெய்க்ஸ்லிஸ்ட் தளம் அமெரிக்காவில் தனிநபர் விளம்பரப் பகுதியை 2018 மார்ச்சில் மூடியது. பாலியல் வணிகத்தைத் தடுக்கும் நோக்கில் வந்த புதிய சட்டம், பிறர் இடும் விளம்பரங்களுக்குத் தளத்தையே பொறுப்பாளியாக்கும் என்பது காரணம். ‘இவர் சொல்கிறார், நாம் இடுகிறோம்’ என்னும் ஹௌட்டன் முறைக்கு எஞ்சியிருந்த பெரிய வாரிசு அது.

இந்த வரலாற்றிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, வாயில் எதனால் பிழைக்கிறது? ஒருமுறைக் கட்டணமா, தானே புதுப்பித்துக்கொள்ளும் சந்தாவா, செய்திக்குச் செய்தி விலையா? நம் காத்திருப்பே அதன் வருவாய் என்றால், நம்மைக் காக்கவைக்க அது வழி கண்டுபிடிக்கும். இரண்டாவது, மறுபக்கத்தில் இருப்பவர் மெய்தானா? பதிந்த சில நிமிடங்களிலேயே, படம்கூட இடாத ஒருவரைத் தேடி அன்பு மடல்கள் குவிந்தால், அவற்றை எழுதியவர் யார் என்பதை ஊகிக்கப் பெரும் அறிவு வேண்டாம். விதிமுறைகளின் அடியில் ‘பொழுதுபோக்குக்கான பாத்திரங்கள்’ என்பது போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது பயன் தரும். மூன்றாவது, திரும்பி வர வழி உண்டா? நுழையும்முன் வெளியேறும் கதவைப் பார்க்க வேண்டும்: கணக்கை அழிப்பது எப்படி, எவ்வளவு காலம் விவரம் தங்கும், வங்கிக் கணக்குத் தாளில் எந்தப் பெயர் பதியும். மூன்றாம் கேள்விக்கு எந்தத் தளமும் முழு விடை தர இயலாது என்பதால், வெளியானால் தாங்க முடியாத எதையும் அங்கே எழுதாதிருப்பதே பாதுகாப்பு.

இக்கேள்விகளைக் கேட்பதால் ஆசை குறைந்துவிடாது, தனிமையும் தீர்ந்துவிடாது. ‘தி லிங்க்’ இதழுக்கு எழுதிய ஆண்களை நினைக்கும்போது, கதவுகளையெல்லாம் அடைத்துவிடுங்கள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. சிலருக்கு அது ஒன்றே கதவு. ஆனால் கதவைத் திறப்பவன் யாருடைய சோற்றை உண்கிறான் என்று தோழி கேட்டாள். அதைக் கேட்கும் உரிமை, பணம் கட்டி உள்ளே நுழைபவருக்கும் உண்டு.