ராமானுஜனின் ரசம்

மேல்படிப்புக்காக அமெரிக்கா கிளம்ப மூன்று வாரம் இருந்தபோது, ஒருநாள் காலையில் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். "ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணி வைக்கணும், சொல்லு பாக்கலாம்." இருபத்திரண்டு வருஷமாக தினமும் சோறு சாப்பிட்டவன் நான். நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தவன். தெரியவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது வகுப்பு. குக்கரில் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், கடைசியாக ரசம். நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். எல்லாம் சரியாகப் போய், உப்பு வரும்போது மட்டும் முட்டிக்கொள்ளும். "எவ்ளோம்மா?" "தேவையான அளவு." "அப்படின்னா எத்தனை ஸ்பூன்?" "அதெல்லாம் கைக்குத் தெரியும்டா."

இப்படி ஒரு மூன்று வாரம் கிடைக்காமல் கப்பலேறிய ஒருவரை எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். கணித மேதை ராமானுஜன்தான் அவர்.

1914 மார்ச் 17 அன்று அவர் சென்னையிலிருந்து 'நெவாசா' கப்பலில் கிளம்பினார். அதற்கு முன்னால் நண்பர்களும் அதிகாரிகளும் சேர்ந்து அவரைத் தயார்படுத்தினார்கள். குடுமியை எடுத்தார்கள். கோட்டு, சட்டை, ஷூ வாங்கினார்கள். கத்தியும் முள்கரண்டியும் பிடித்துச் சாப்பிடப் பழக்கினார்கள். சமைக்க யாரும் சொல்லித் தந்ததாக நான் படித்த எதிலும் இல்லை. வீட்டில் அவர் கணக்கில் மூழ்கியிருக்கும்போது, யோசனை அறுந்துவிடக் கூடாதென்று சோற்றைப் பிசைந்து கையில் உருட்டி வைப்பார்களாம். அப்படி வளர்ந்தவருக்கு இங்கிலாந்தில் எப்படிச் சாப்பிடுவது என்று பயிற்சி கொடுத்தார்கள். எதைச் சாப்பிடுவார் என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

கேம்பிரிட்ஜ் போன சில மாதங்களிலேயே பதில் தேவைப்பட்டது. டிரினிட்டி கல்லூரிச் சாப்பாட்டில் விலங்குக் கொழுப்பு கலந்திருக்குமோ என்ற பயம். நல்ல பாலும் பழமும் கிடைத்ததால் சமாளித்ததாகவும், இனி ஒன்றிரண்டு பதார்த்தங்களைத் தானே சமைத்துக்கொள்ளப் போவதாகவும், சாமான்களுக்கு ஊருக்கு எழுதியிருப்பதாகவும் நண்பருக்குக் கடிதம் எழுதினார். கொட்டை எடுத்த புளியும் தேங்காயெண்ணெயும் தபாலில் அனுப்பச் சொல்லியும் எழுதினார். அந்த ஆகஸ்டில் உலகப்போர் தொடங்கிவிட்டது. காய்கறி கிடைப்பதும் கடல் தாண்டிப் பார்சல் வந்து சேர்வதும் கஷ்டமாகின.

அந்த அறையில் நடந்த ஒரு சம்பவம் பிரபலம். பின்னாளில் பெரிய புள்ளியியல் அறிஞரான மஹலனோபிஸ், 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் வந்த ஒரு புதிரைப் படித்துக் காட்டுகிறார். ஒரு தெருவில் வரிசையாக எண் போட்ட வீடுகள். ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு இடப்பக்கமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கத்தின் கூட்டுத்தொகையும் சமம். அது எந்த வீடு? ராமானுஜன் யோசித்துவிட்டு, அந்த ஒரு தெருவுக்கு மட்டுமல்ல, அப்படிப்பட்ட எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும் ஒரு தொடர்பின்னத்தை விடையாகச் சொன்னார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் தொடர்பின்னத்தோடு நிறுத்திவிடுவார்கள். அப்போது அவர் அடுப்பில் வாணலியைக் கிளறிக்கொண்டிருந்தார் என்பது பாதிப் பேர் சொல்லாமல் விடும் தகவல். உலகின் மிக அபூர்வமான மூளைகளில் ஒன்று, காய் அடிப்பிடிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. வேலை மும்முரத்தில் ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் அவர் சமைத்தார்.

இன்னொரு சம்பவம். சட்டர்ஜி என்ற இந்திய நண்பரையும் இரண்டு பெண்களையும் ராமானுஜன் விருந்துக்கு அழைத்தார். சமையல் அவரே. ரசத்தை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டவர்கள், மூன்றாம் முறை வேண்டாம் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ஆளைக் காணோம். சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து, பணம் அனுப்பச் சொல்லி சட்டர்ஜிக்குத் தந்தி வந்தது. பரிமாறியதைப் பெண்கள் மறுத்ததை அவரால் தாங்க முடியவில்லை. முதல் தடவை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக நாலு குளிர்காலம் சமைத்துச் சாப்பிட்ட பிறகு வரவில்லை. கடல் தாண்டி வந்த புளி அது. மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிட, அவர் நின்று பரிமாறியிருக்கிறார். ஊரில் அவருக்குக் கிடைத்ததை அன்றைக்கு அவர் கொடுத்துப் பார்த்தார்.

ராமானுஜனுக்கு 26 வருஷம் முன்னால், 1888-ல் லண்டன் போன காந்திக்கும் இதே பிரச்சனைதான். புலால் தொடமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம். கப்பலில் எதில் இறைச்சி இல்லையென்று கேட்கக் கூச்சப்பட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் தின்றே பயணத்தை ஓட்டினார். ஆனால் லண்டனில் சைவ உணவகங்கள் இருந்தன. பிறகு ஒற்றை அறைக்கு மாறி, அடுப்பு வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும், மதியம் வெளியே, இரவு ரொட்டியும் கோகோவும் என்று ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் வாழ்ந்தார். மசாலா இல்லாத வேகவைத்த கீரையும் ருசிக்க ஆரம்பித்தது. காந்தி நாக்கை மாற்றிக்கொண்டார். ராமானுஜனுக்குப் புளி வேண்டியிருந்தது. அதைக் குறையென்று சொல்ல எனக்கு மனசு வராது.

1917-ல் ராமானுஜன் நோயில் விழுந்தார். மேட்லாக் சானடோரியத்தில் அவரைப் பார்த்த ஏ.எஸ். ராமலிங்கம் என்ற இன்ஜினியர், பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றியே நிறைய எழுதினார். ஆனால் சமைக்கத் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று எழுதினால் அது பொய். அன்றைக்குக் காசநோய் என்றார்கள். 1994-ல் டி.ஏ.பி. யங் என்ற மருத்துவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, ஊரிலேயே தொற்றிய அமீபாவால் வந்த கல்லீரல் நோயாக இருக்கலாம் என்றார். சரியான சாப்பாடு இல்லாதது உடம்பைத் தளர்த்தியது, அவ்வளவுதான் சொல்லலாம். 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், சென்னையில் இறந்தார்.

உன்னையும் கூட்டிப் போயிருந்தால் எனக்கு நோய் வந்திருக்காது என்று கடைசி நாட்களில் அவர் சொன்னதாக, மனைவி ஜானகி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். எனக்கு இதுதான் உறுத்துகிறது. அவ்வளவு பட்ட பிறகும், சமையல் என்ற கேள்விக்கு அந்தக் காலத்துக்குத் தெரிந்த விடை ஒரு பெண்ணை அழைத்துப் போவதுதான். கிளம்பும் ஆணுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுப்பது யாருக்கும் தோன்றவில்லை.

கைக்கு மட்டும் தெரிந்திருந்த அளவுகளைத் தாளில் இறக்கிவைத்தவர் எஸ். மீனாக்ஷி அம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். உறவுக்காரர்கள் செய்முறை கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்க, புத்தகமாகவே போடச் சொன்னார் அவர் உறவினர் கே.வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர். 1951-ல் 'சமைத்துப் பார்' வந்தது. கல்யாணமாகிப் போகும் பெண்களுக்குச் சீரோடு வைத்தார்கள். பிறகு வெளிநாடு போகும் பையன்களின் பெட்டிக்குள்ளும் அது ஏறியது. என் பெட்டியிலும் இருந்தது.

ஆனால் என் அக்காவுக்கு யாரும் மூன்று வாரம் ஒதுக்கவில்லை, நோட்டும் தரவில்லை. எட்டாவது படிக்கும்போதே அவள் சோறு வடித்தாள். அது தயாரிப்பு என்றே கணக்கில் வரவில்லை. நான் ரசம் வைத்த அன்றைக்கு மட்டும் அப்பா ஃபோன் போட்டு ஊருக்கே சொன்னார்.

போன மாதம் அக்கா பையன் ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்பினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிட்டு ரசம் வைக்கச் சொன்னேன். அவன் தங்கை ஒன்பதாவது படிக்கிறாள். அவளையும் பக்கத்தில் நிற்கவைத்து, இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தேன். புளியைக் கரைத்து, தக்காளியைப் பிசைந்து விட்டுவிட்டு அவன் கேட்டான்: "மாமா, உப்பு எவ்ளோ?"

'தேவையான அளவு' என்று வாய்வரை வந்தது. டீஸ்பூனை எடுத்து, தலைதட்டி, "ஒண்ணு, எழுதிக்கோங்க" என்றேன்.