நூற்றறுபது பிறந்த கதை

கொழும்பு புறக்கோட்டை வியாபாரிகளுக்கு எழுத்தை எண்ணிச் செலவழிப்பது பழகிப்போன விஷயம். கொழும்புக்கும் காலிக்கும் இடையே 1858இல் தந்திக் கம்பி ஓடியது. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. ‘சாமான் வந்தது’ என்றால் வேலை முடிந்தது. அதற்கு மேல் ஒரு சொல் போனாலும் வீண்செலவு. ஊரில் எல்லோரும் சுகமா என்று கேட்பதற்குத் தபாலட்டை இருந்தது. அதில் சொற்கணக்கு இல்லை. ஆனால் அட்டை முடிந்த இடத்தில் சுகமும் முடிந்துவிடும். பிற்பாடு டெலெக்ஸ் வந்தது. இந்தச் சின்ன அட்டையும் டெலெக்ஸும் ஒருநாள் ஒரு பெரிய வழக்கில் சாட்சி சொல்லப்போவது அப்போது யாருக்கும் தெரியாது.

1985. மேற்கு ஜெர்மனியின் பொன் (Bonn) நகரம். ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட் என்ற தொலைத்தொடர்புப் பொறியியலாளர் வீட்டில் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, வாயில் வந்ததையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு கேள்வி. ஒரு சின்னச் செய்தி. பிறகு இன்னொரு கேள்வி. அடித்து முடித்ததும் எழுத்து, இலக்கம், காற்புள்ளி, இடைவெளி என்று ஒன்றுவிடாமல் எண்ணினார். எப்படி எழுதினாலும் ஒன்றிரண்டு வரிதான் வந்தது. கணக்கு அநேகமாக எப்போதும் 160க்குள் நின்றது. மனிதர் திருப்தியோடு எழுந்தார். ஆனால் அந்த 160ஐத் திணிக்க வேண்டிய இடம் போதவில்லை.

ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஜி.எஸ்.எம். என்ற புதிய தொலைபேசி முறையை வகுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அதில் குரல் போக ஒரு பாதை, பக்கத்தில் ஒல்லியாக இன்னொரு பாதை. அழைப்பு வருகிறது, சிக்னல் இவ்வளவு இருக்கிறது என்ற தகவல்கள் மட்டும் அந்த ஒல்லிப் பாதையில் போய்வந்தன. மற்ற நேரமெல்லாம் அது சும்மா கிடந்தது. அந்தச் சும்மா நேரத்தில் சொற்களை அனுப்பினால் என்ன என்பதுதான் ஹில்லெப்ராண்டும் கூட்டாளிகளும் கண்ட கனவு. செலவும் பெரிதாக இல்லை. ஒரே சிக்கல், இன்னும் 32 எழுத்துக்கு இடம் வேண்டியிருந்தது. எதையாவது வெட்டியாக வேண்டும்.

எழுத்து வகைகளை வெட்டினார்கள். ஓர் எழுத்துக்கு 7 பிட் என்று இறுக்கினார்கள். 1,120 பிட்டுக்குள் 160 எழுத்து கச்சிதமாக உட்கார்ந்தது. அதற்குப் பிறகும் சந்தேகக்காரர்கள் விடவில்லை. இவ்வளவு குட்டையாக எழுதி யார் எதைச் சொல்ல முடியும், யார் இதை வாசிப்பார்கள் என்றார்கள். அப்போதுதான் அந்த இரண்டு சாட்சிகளும் கூண்டேறின. தபாலட்டைகளில் பெரும்பாலும் 150 எழுத்துகூட இல்லை. நீளக் கட்டுப்பாடே இல்லாத டெலெக்ஸிலும் மக்கள் ஏறக்குறைய அவ்வளவுதான் எழுதினார்கள். வழக்கு வென்றது. பிள்ளை பிறப்பதற்கு மட்டும் இன்னும் பல வருடங்கள் பிடித்தன.

1992 டிசம்பர் 3. இங்கிலாந்தில் வோடஃபோன் நிறுவனத்தின் கிறிஸ்மஸ் விருந்து. அங்கே நின்ற ரிச்சர்ட் ஜார்விஸின் கைத்தொலைபேசிக்கு ஒரு வாழ்த்து வந்தது. அனுப்பியவர் நீல் பாப்வொர்த், வயது 22. அந்தக் காலத்துத் தொலைபேசியில் எழுத்தை அடிக்க வழியில்லாததால் கணினியிலிருந்து அனுப்பினார். 160இல் அவர் செலவழித்தது 15தான். ஜார்விஸால் பதில் அனுப்பவும் முடியவில்லை. குறுஞ்செய்தி, கொழும்பு வழக்கில் மெசேஜ், இப்படி ஒருவழிப் பாதையாகப் பிறந்தது. 1995இல் டயலொக் ஜி.எஸ்.எம். சேவையோடு அதே முறை இலங்கையிலும் கரையேறியது. பொன் நகரத்தில் வெட்டிய வெட்டு யார் தலையில் விழுந்தது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

7 பிட் என்றால் மொத்தம் 128 இருக்கைகள். ஆங்கிலம் உட்கார்ந்தது, இலக்கங்கள் உட்கார்ந்தன, கிரேக்கப் பெரிய எழுத்துகளில் சிலவும் வடக்கு ஐரோப்பாவின் விசேஷ எழுத்துகளும் ஓரமாக உட்கார்ந்தன. 247 எழுத்தோடு வந்த தமிழுக்கு இருக்கை இல்லை. கோட்டைக்கு வெளியே புறக்கோட்டை மாதிரி, வெளியே நின்றது. பின்கதவு ஒன்று திறந்தது உண்மைதான். ஆனால் அதன் கட்டணம் எழுத்துக்கு 16 பிட். 1,120ஐ 16ஆல் வகுத்தால் 70. ஒரு செய்தியில் ஒரேயொரு தமிழ் எழுத்தைச் சேர்த்தாலும் போதும், மொத்தச் செய்தியும் 160இலிருந்து 70க்கு இறங்கிவிடும்.

அந்த 70உம் முழுசாகக் கைக்கு வரவில்லை. கணினிக் கணக்கில் புள்ளிக்குத் தனி இடம், கொம்புக்கும் காலுக்கும் தனி இடம். ‘புறக்கோட்டை’ கண்ணுக்கு 6 எழுத்து, கணக்குக்கு 11. அதையே ஆங்கில எழுத்தில் அடித்தாலும் 11தான். இடையிடையே ஓர் இடைவெளி விட்டு, ஒரு செய்திக்குள் ஆங்கில எழுத்தில் 13 தடவை புறக்கோட்டைக்குப் போய்வரலாம். தமிழில் 5 தடவைதான், ஆறாவது பயணத்துக்கு ஓர் இடம் குறைகிறது. இடம் தாண்டினால் இரண்டாவது மெசேஜுக்கும் காசு. போதாததற்குப் பல போன்களில் தமிழ் எழுத்தே கிடையாது. கணக்குத் தெரிந்த ஊர் என்ன செய்யும்? தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கத் தொடங்கியது.

2006இல் ட்விட்டர் வந்தபோதும் அதே தட்டச்சுக் கணக்குத்தான். 160இல் பெயருக்கு 20 ஒதுக்கிவிட்டு, எழுத 140 கொடுத்தார்கள். 2017 நவம்பரில் அது 280 ஆனது. சீனமும் ஜப்பானியமும் கொரியமும் ஓர் எழுத்திலேயே நிறையச் சொல்லிவிடும் என்று அவற்றை 140இலேயே நிறுத்தினார்கள். தமிழுக்கு ஆங்கிலத்தோடு சரிசமமாக 280. ஒருவழியாகக் கோட்டைக்குள் நுழைந்தாயிற்று.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இப்போது அடுக்கியிருக்கும் போன்களில் தமிழ் விசைப்பலகை உண்டு. வாட்ஸ்அப்பில் 70உம் இல்லை, 160உம் இல்லை. கல்லாவின் மேல் ஒரு போன் அதிர்ந்தது. ‘சாமான் வந்துட்டு’ என்று திரையில் வந்தது, ஆங்கில எழுத்தில்.