நடுங்கும் கைக்கு ஓர் அளவு

பார்க்கின்சன் நோயின் நடுக்கத்தை, மூளையின் ஆழத்தில் ஒரு சிறு புள்ளியைச் சிதைத்து அடக்கிய காலம் ஒன்று உண்டு. சென்னைப் பொது மருத்துவமனையில் 1950இல் மருத்துவர் பி. இராமமூர்த்தி தொடங்கிய நரம்பு அறுவைப் பிரிவும் பின்னாளில் இதில் பெயர் பெற்றது. கை அடங்கும், ஆனால் சிதைத்தது சிதைத்ததுதான். இருபுறமும் சிதைத்தாலோ, பலருக்குப் பேச்சே குழறியது.

அப்பிரிவில் பயின்ற மருத்துவர் டி. எஸ். கனகா, 1975இலேயே மூளைக்குள் மின்முனை பதித்துத் தூண்டியவர். (அறுவை அரங்கில் பெண்கள் அரிதாயிருந்த நாள்கள் அவை.) பிரான்சின் கிரெனோபிள் நகரில் மருத்துவர் பெனாபித், சிதைக்குமுன் சோதனைக்காகச் செலுத்திய விரைவான மின்துடிப்பே நடுக்கத்தை நிறுத்துவதைக் கண்டார், 1987இல் மின்முனையை உள்ளேயே நிலைக்கவிட்டார்.

இன்று மார்புத் தோலுக்கடியில் வைக்கும் கருவியை வெளியிலிருந்தே திருத்தலாம்: எந்த முனை, எவ்வளவு மின்னோட்டம், துடிப்பின் அகலம், நொடிக்கு எத்தனை துடிப்பு (பெரும்பாலும் 130 அளவில்). மின்னோட்டத்தைக் கூட்டினால் நடுக்கம் அடங்கும். அண்டை நரம்புப் பாதைக்கு அது பரவினால் நாக்குக் குழறும், முகம் இழுக்கும். ஆகவே மருத்துவர் சிறிது கூட்டி, விரல்களைத் தட்டச் சொல்லி, நடக்கவிட்டு, பேசவைத்துக் கேட்கிறார். சரியான அளவு கிட்ட மாதங்கள் ஆகலாம். அறுவைக்கு நிகரான வேலை இது என்றே எனக்குத் தோன்றுகிறது. பேச்சுக் குழறினால் அன்றே குறைத்துவிடலாம்.