கழுத்தைப் பார்த்த என்ஜினியர்

முப்பத்து நாலு வயசில் எனக்குக் கழுத்து வலி வந்தது. பன்னிரண்டு வருஷம் லேப்டாப்பில் குனிந்ததன் கூலி. ஆபீஸில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். நாற்பது பேர், ஒரே மைக், ஒரே எண்ணிக்கை: "ஒன், டூ, கழுத்தை நல்லா சுத்துங்க." மறுநாள் பைக் ஓட்டும்போது தலையைத் திருப்பிப் பார்க்க முடியவில்லை.

புது நோய் இல்லை இது. தலையின் எடை சுமார் 5 கிலோ. தோளுக்கு நேர்மேலே இருந்தால் எலும்பு தாங்கும்; முன்னால் சரிந்தால் பின்கழுத்துத் தசைதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். இத்தாலிய மருத்துவர் ராமஸினி 1713-லேயே எழுத்தர்களின் நோய்களுக்கு மூன்று காரணங்கள் சொன்னார்: ஓயாமல் உட்காருவது, கையின் ஒரே அசைவு, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற மன இறுக்கம். மூன்றும் என் வேலையில் இருக்கின்றன.

இதற்கு எதிரான ஒரு சிந்தனை, அபிராமபுரத்தில் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் வளர்ந்தது. திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1888-ல் பிறந்தவர். 1930களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் சிறுவர்களுக்கு யோகம் கற்பித்தார். 1950களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார். அங்கே எதிரே நின்றவர்கள் துள்ளும் பையன்கள். இங்கே வந்தவர்களில் பலர் நோயாளிகள், வயதானவர்கள். முறையும் மாறியது. ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்தார், அசைவை மூச்சோடு இணைத்தார், ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்றினார்.

அவர் மகன் தேசிகாச்சார் (1938–2016) படித்தது என்ஜினியரிங். எனக்கு ஆர்வம் பிடித்த இடம் இதுதான். 1960களில் அந்தப் பாதையை விட்டுவிட்டு அப்பாவிடம் பாடம் கேட்க உட்கார்ந்தார். 1976-ல் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தைத் தொடங்கினார். இவர்கள் மரபின் சாரம் எங்கள் தொழிலுக்கும் தெரிந்ததுதான்: பயன்படுத்துபவர் யார் என்று கேட்காமல் எதையும் கட்டாதே.

பிறகு நான் போன ஆசிரியர் கழுத்தைத் தொடவே இல்லை. எத்தனை மணி நேரம் உட்காருவேன், கை மரத்துப் போகிறதா என்று கேட்டார். மரத்தால் முதலில் டாக்டர் என்றார். மூச்சை இழுத்தபடி கைகளை மேலே தூக்கி, விட்டபடி இறக்கச் சொன்னார். மூன்றாவது தடவைதான் தெரிந்தது, நான் மூச்சைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கிறேன் என்று. கோட் எழுதும்போதும் அப்படித்தான்.

இப்போது அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நிற்கிறேன், தோளை உருட்டுகிறேன், தாடையை மெல்ல உள்ளே இழுக்கிறேன். வலி குறைந்திருக்கிறது. வேலை நேரம் மட்டும் குறையவில்லை. அந்தப் பயிற்சி வகுப்பில் அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.