ஆணி அறியா ஓடம்

சென்ற ஆண்டு தில்லி அலுவலகத்தில் ஒரு கோப்பை மொழிபெயர்க்கையில், 'தைத்த படகு' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடர் ஒன்று எதிர்ப்பட்டது. துணியைத் தைப்பார்கள், செருப்பைத் தைப்பார்கள், உண்ணும் இலையையும் தைப்பார்கள்; படகைத் தைப்பதும் உண்டோ என ஐயுற்று, 'இணைப்புப் படகு' என்று எழுதி வைத்தேன். அடுத்த மேசையிலிருந்த ஆலப்புழை நண்பர் அதைக் கண்டு நகைத்தார். "எங்கள் ஊரில் அதைக் கெட்டுவள்ளம் என்போம், சாரே. ஓர் ஆணி கூட இராது" என்றார். கெட்டு என்பது நம் கட்டுதான். கட்டுமரம் என்று உலகுக்கே ஒரு சொல்லை அளித்த மொழியைப் பேசும் எனக்கு அது தோன்றாமற் போயிற்று. அந்த வெட்கத்தின் விளைவே இவ்வுரை, நேயர்களே!

நண்பரின் பாட்டனார் தச்சர். வீட்டு முற்றத்திலேயே சிற்றோடங்கள் கட்டியவர். அந்த வேலையை நண்பர் விவரித்த விதத்தையே முதலில் கூறுகிறேன். மரம் பெரும்பாலும் ஆஞ்சிலி, அதாவது நம் அயினி. நீரில் எளிதில் அழுகாதது. பலகையை வாய்ச்சியால் செதுக்கித் தீயின்மேல் வாட்டி, வெதுவெதுப்பு நீங்குமுன் வளைப்பர். பிறகு விளிம்பை ஒட்டி ஒரே இடைவெளியில் துளையிடுவர். இரு பலகைகளின் பொருத்துவாயில் தேங்காய் நாரைத் திரித்து வைத்து, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிற்றைச் செலுத்தி இறுக்குவர். ஒருவர் உள்ளிருந்து இழுக்க, மற்றவர் வெளியிலிருந்து வாங்குவார். இழுப்பின் வலிமை துளைக்குத் துளை ஒன்றாயிருக்க வேண்டும். ஓரிடம் தளர்ந்தால் முழுத் தையலும் தளரும். முடிவில் துளைகளை அடைத்து எண்ணெய் பூசுவர். இன்று பூசப்படும் முந்திரிக்கொட்டை எண்ணெயைத் தொன்மையானது எனப் பலர் கருதுகின்றனர். முந்திரி மரமோ போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டுக்கு முற்பட்ட ஓடங்கள் அந்த எண்ணெயைக் கண்டிரா.

ஐரோப்பியத் தச்சர் முதலில் விலாச்சட்டத்தை நிறுத்திப் பின்னர் பலகையை அறைவது வழக்கம். இங்கே பலகைகளைத் தைத்து ஓட்டை உருவாக்கிய பின்னரே உட்சட்டம் ஏறும். வரைபடம் ஏதுமில்லை, வளைவின் அளவு கண்ணிலும் கையிலும் இருந்தது.

ஆணியை ஏன் விலக்கினர்? இக்கேள்விக்கு ஆயிரம் ஆண்டுகளாக விடைகள் புனையப்பட்டு வந்துள்ளன. கடலடியில் காந்தப் பாறைகள் உண்டு, அவை ஆணிகளைப் பிடுங்கிக்கொள்ளும் என்பது பழங்கதை. போஜராஜன் பெயரால் வழங்கும் யுக்திகல்பதருவும் அவ்வாறே எச்சரிக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் வரலாறு எழுதிய புரோகோப்பியஸ் அக்கதையை நம்பவில்லை. உரோமரின் கப்பல்களில் இரும்பு மிகுதியாக இருந்தும் செங்கடலில் அவற்றுக்குத் தீங்கு நேரவில்லையே என்று அறிவோடு வினவினார். அதனோடு நிறுத்தியிருக்கலாம். இந்தியரிடம் இரும்பே இல்லை, அதனால்தான் கயிற்றால் கட்டுகின்றனர் என்று அவர் கண்ட முடிவு பெரும் பிழை. அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்திய இரும்பும் எஃகும் செங்கடல் துறைகளில் இறங்கியதைப் பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூல் குறிக்கிறது. நொய்யற்கரைக் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த உலைகளும் அதற்குச் சான்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆர்மூஸ் துறையில் தைத்த கப்பல்களைக் கண்ட மார்க்கோ போலோ அவற்றை இகழ்ந்தே எழுதினார். என் கருத்தில், உண்மைக்கு அருகே சென்றவர் பதினான்காம் நூற்றாண்டில் மதுரைக்கும் வந்து சென்ற இபின் பதூதா. இந்தக் கடல் பாறை மிகுந்தது. ஆணியறைந்த கலம் மோதினால் உடையும், கயிற்றால் தைத்ததோ நெகிழ்ந்து கொடுக்கும் என்றார் அவர்.

இதற்குச் சென்னையை விடச் சிறந்த சான்று வேண்டா. துறைமுகம் அமையுமுன் கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். மக்களும் பொதிகளும் மசூலாப் படகுகளில் கரை சேர்வர். தைத்த அப்படகு மணலில் மோதுகையில் கூடை போல் வளைந்து நிமிரும். ஐரோப்பியர் கொணர்ந்த கெட்டியான படகுகள் அவ்விடத்தில் நொறுங்கின. 1875-இல் துறைமுகத்துக்குக் கால்கோள் நடந்தது. 1881-இல் புயல் அதன் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தது.

தையல் சில ஆண்டுகளே தாங்கும். அதைக் குறையெனச் சொல்வர். எனினும் கயிற்றைப் பிரித்து மீண்டும் தைத்தால் அதே பலகைகள் மறுபடி கடலேறும். துருப்பிடித்த ஆணி பலகையையும் கெடுத்துவிடும். போர்ச்சுகீசியர் வந்தபின் பெருங்கலங்களில் ஆணி பரவிய போதும் கரைவலைப் படகுகளிலும் உப்பங்கழி வள்ளங்களிலும் தையல் நிலைத்தது இதனாலேயே. குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குச் சுமந்தவை கெட்டுவள்ளங்கள். சாலைகளும் லாரிகளும் வந்தபின் அவை வேலையிழந்தன. 1990-களில் கூரையும் கட்டிலும் ஏற்று உல்லாசப் படகுகளாயின. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் தமிழகக் கரையிலும் மரப்படகுகளை ஒதுக்கின. மீனவரைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. இலேசான படகு முதுகுக்கு இதம்.

இதற்கிடையே வியப்பான செய்தி ஒன்று. அஜந்தா ஓவியத்திலுள்ள ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பலை முன்மாதிரியாகக் கொண்டு, கேரளத்துத் தச்சர் பாபு சங்கரன் தலைமையில் ஏறத்தாழ 20 மீட்டர் நீளத் தைத்த கப்பலொன்று கோவாவில் கட்டப்பட்டது. பழைய வரைபடம் எதுவும் கிட்டாமையால், அதன் மாதிரியைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நீரில் விட்டுச் சோதித்தனர். 2025 மே மாதம் கார்வாரில் 'கௌண்டின்யா' என்னும் பெயருடன் அது கடற்படையில் சேர்ந்தது. அவ்வாண்டு இறுதியில் போர்பந்தரிலிருந்து பாயேற்றி, 2026 ஜனவரியில் மஸ்கட்டை அடைந்தது.

இச்செய்தியை நாளிதழில் படித்த அன்று நண்பரிடம், "உமக்கு அந்தத் தையல் வருமா?" என்று கேட்டேன். அவர் கோப்பு கட்டும் நாடாவை எடுத்து, இரண்டு அட்டைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் துளையிட்டார். முதல் இரண்டு குறுக்குகள் சரியாக விழுந்தன. மூன்றாவதில் நாடா எப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. நெடுநேரம் முயன்றுவிட்டு, "அச்சன் இருந்தால் கேட்கலாம்" என்று சொல்லி, அட்டைகளை இழுப்பறையில் வைத்தார்.