தண்ணீர் குற்றமான காலம்: கிரனாடா முஸ்லிம்களின் தூய்மை வரலாறு

தூய்மையைப் பற்றி நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். மதரஸாவில் முதலில் கற்ற பாடங்களுள் உளூவின் ஃபர்ளுகளும் உண்டு. தூய்மை ஈமானின் பாதி என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளிய செய்தியை அறியாதவர் நம்மில் இல்லை. எளிதாகக் கிடைத்துவிட்ட காரணத்தால் அதன் அருமையை நாம் எண்ணிப் பார்ப்பதும் இல்லை. முகத்தையும் கைகளையும் கழுவியதற்காகவே மனிதர்கள் விசாரணைக் கூண்டில் நிறுத்தப்பட்ட ஒரு காலமும் ஒரு நாடும் வரலாற்றில் இருந்தன. அந்த நாடு ஸ்பெயின்; நம் முன்னோர் அந்தலுஸ் என்று அழைத்த பூமி.

மார்க்கம் வகுத்த தூய்மை

அந்தலுஸின் கதைக்குள் நுழையுமுன், அந்த மக்கள் எதைக் காக்கப் போராடினார்கள் என்பதை நினைவிற்கொள்வது நல்லது. தொழுகைக்கு முன் முகம், கைகள், தலை, கால்கள் ஆகியவற்றைத் தூய்மைப்படுத்தும் முறையைத் திருக்குர்ஆனின் 5:6 ஆம் வசனம் கற்றுத் தருகிறது. தண்ணீர் கிடைக்காதபோது தூய மண்ணைக் கொண்டு தயம்மும் செய்யும் சலுகையும் அதே வசனத்தில் இருக்கிறது. தூய்மையை விரும்பிய குபா பள்ளிவாசல் மக்களை 9:108 ஆம் வசனம் பாராட்டுகிறது. வாசலில் ஓடும் ஆற்றில் நாளும் ஐந்து முறை குளிப்பவனுக்கு ஐவேளைத் தொழுகையை நபி (ஸல்) அவர்கள் உவமையாக்கினார்கள். பல் துலக்குதலை வலியுறுத்தினார்கள். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதைத் தடுத்தார்கள்.

இவ்வாறு தூய்மை என்பது தனிமனிதனின் விருப்பமாக மட்டும் விடப்படவில்லை. அது வணக்கத்தின் வாசலாக அமைந்தது. ஆகவே முஸ்லிம்கள் குடியேறிய நகரங்களில் பள்ளிவாசலோடு தண்ணீரும் வந்து சேர்ந்தது.

அந்தலுஸின் ஹம்மாம்கள்

ஹம்மாம் எனும் பொதுக் குளியலகத்தை முஸ்லிம்கள் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. அது ரோமானியரின் பழைய மரபு. அம்மரபை முஸ்லிம்கள் ஏற்று, குளிப்புக் கடமைக்கும் வெட்க உணர்வுக்கும் ஏற்ப மாற்றியமைத்தார்கள். குளிர்ந்த அறை, வெதுவெதுப்பான அறை, வெப்ப அறை என மூன்று அறைகள் வரிசையாக இருக்கும். உலையில் எழும் வெப்பக் காற்று வெப்ப அறையின் தரைக்கடியில் பாயும். வளைந்த கூரையில் விண்மீன் வடிவில் துளைகள் இடப்பட்டிருக்கும். அவற்றின் வழியே வெளிச்சம் இறங்கும். ஆண்களும் பெண்களும் தனித்தனி வேளைகளில் வருவார்கள்.

இவற்றுள் சில இன்றும் நிற்கின்றன. கிரனாடாவில், அல்ஹம்ரா குன்றின் அடிவாரத்தில் ஓடும் தாரோ ஆற்றங்கரையில், 11ஆம் நூற்றாண்டின் குளியலகம் ஒன்று உள்ளது. ஹாயேன் நகரின் ஹம்மாமும் அதே நூற்றாண்டைச் சேர்ந்தது. கிரனாடாவின் அல்பைசின் குன்றுப் பகுதிக்கு வெகுதொலைவிலுள்ள ஓர் ஊற்றிலிருந்து கால்வாய் வழியே நீர் கொண்டுவரப்பட்டது. அந்த ஊற்றுக்கு அரபியர் வைத்த பெயர் அய்னுத் தம்உ, அதாவது கண்ணீர் ஊற்று. பள்ளிவாசல்களை ஒட்டிக் கட்டப்பட்ட நீர்த்தொட்டிகள் பல இன்றும் அப்பகுதியில் காணக் கிடைக்கின்றன.

கட்டடத்தோடு கண்காணிப்பும் இருந்தது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செவில் நகரில் வாழ்ந்த இப்னு அப்தூன், சந்தைகளையும் பொது இடங்களையும் மேற்பார்வையிடும் முஹ்தஸிபுக்கான நெறிமுறைகளை எழுதினார். குளியலகத்தின் நீர்த்தொட்டி மூடப்பட்டிருக்க வேண்டும். தண்ணீர் சுமப்போர் ஆற்றில் நீர் அள்ளுவதற்குத் தனி இடம் ஒதுக்கப்பட வேண்டும். கால்நடைகள் கலக்கிய சேற்றிடத்தில் அவர்கள் அள்ளக் கூடாது. ஆற்றங்கரையில் குப்பை கொட்டக் கூடாது என்றெல்லாம் அவர் வகுத்துள்ளார். ஓர் ஊரின் தூய்மை ஊராரின் கூட்டுப் பொறுப்பு என்பதை அன்றே அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

நீதியாகச் சொல்வதானால், அக்காலக் கிறிஸ்தவ ஸ்பெயினும் குளியலை வெறுக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் குவென்கா நகருக்கு வழங்கப்பட்ட சட்டம், பொதுக் குளியலகத்தில் ஆண்களுக்கு மூன்று நாட்களையும் பெண்களுக்கு இரண்டு நாட்களையும் யூதர்களுக்கு வெள்ளி, ஞாயிறு ஆகிய இரு நாட்களையும் ஒதுக்கியது. ஒரே ஹம்மாமைப் பல சமயத்தாரும் பகிர்ந்துகொண்ட காலம் அது. காலம் மாறிய பிறகே தண்ணீர் மீது சந்தேகம் படிந்தது.

ஒப்பந்தமும் துரோகமும்

1491 நவம்பரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி 1492 ஜனவரி 2 அன்று கிரனாடா கத்தோலிக்க மன்னர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. முஸ்லிம்கள் தம் மார்க்கத்தையும் பள்ளிவாசல்களையும் காழிகளையும் வைத்துக்கொள்ளலாம் என்று அந்த ஒப்பந்தம் உறுதியளித்தது. அந்த வாக்குறுதி பத்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1499 இல் கிரனாடா வந்த பேராயர் சிஸ்னெரோஸ் கட்டாய மதமாற்றத்தைத் தொடங்கினார். அரபு நூல்கள் பொதுச் சதுக்கத்தில் எரிக்கப்பட்டன. 1502 இல் காஸ்தீல் அரசின் முஸ்லிம்கள் அனைவருக்கும் மதம் மாறுதல் அல்லது நாட்டைவிட்டு வெளியேறுதல் என்ற இரண்டே வழிகள் வைக்கப்பட்டன. பெரும்பாலோர் வெளியேற இயலாமல் பெயரளவில் மாறினார்கள். அவர்களை மொரிஸ்கோக்கள் என்று அழைத்தார்கள்.

வெளியே தேவாலயம், வீட்டுக்குள் தொழுகை. ஆனால் தொழுகைக்கு உளூ வேண்டுமே. உளூச் செய்தால் பார்ப்பவர் அறிந்துகொள்வாரே. இந்த நெருக்கடியில் அவர்கள் கடல் கடந்து மார்க்கத் தீர்ப்பு கேட்டார்கள்.

வஹ்ரானிலிருந்து வந்த கடிதம்

ஹிஜ்ரி 910, அதாவது 1504ஆம் ஆண்டில், அல்ஜீரியக் கரையின் வஹ்ரான் நகரோடு தொடர்புடைய அறிஞர் அஹ்மத் இப்னு அபீ ஜும்ஆ அவர்கள் அந்த மக்களுக்கு ஒரு ஃபத்வாவை எழுதி அனுப்பினார். தம் மார்க்கத்தைத் தீக்கங்கைப் போலக் கையில் பற்றியிருப்போராக அவர்களைக் கண்டு, ஆறுதலோடு பேசும் கடிதம் அது.

குளிப்புக் கடமையானால் கடலிலோ ஆற்றிலோ மூழ்கி எழுந்தாலும் போதும் என்றார். பகலில் தொழ முடியாவிட்டால் இரவில் நிறைவேற்றிக்கொள்ளலாம் என்றார். தண்ணீரைத் தொட வழியில்லையேல், சுவரைக் கையால் தடவியேனும் தயம்மும் செய்யலாம். அதுவும் இயலாவிட்டால் மண்ணையோ கல்லையோ நோக்கிச் சைகை செய்தாலும் ஆகும் என்றார்.

ஒரு கணம் நின்று சிந்திப்போம். வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்பவனைப் போல ஒருவன் நிற்கிறான். பார்ப்பவர்க்கு அது ஓய்வு. அவனுக்கோ அது தொழுகைக்கான தூய்மை. சூழ்ச்சியாளர்கள் கிணற்றையும் ஹம்மாமையும் காவல் காக்கலாம். சுவரைக் காவல் காக்க முடியுமா? தயம்மும் என்ற சலுகையின் ஆழம் இத்தகைய நாட்களில்தான் புலப்படுகிறது. இந்த ஃபத்வாவை மொரிஸ்கோக்கள், அரபு எழுத்தில் ஸ்பானிய மொழியை எழுதும் தங்கள் வழக்கத்தில் பெயர்த்தும் பாதுகாத்தார்கள்.

கழுவியவரைக் காட்டிக்கொடுங்கள்

இன்க்விசிஷன் எனும் சமய விசாரணை மன்றம் தேவாலயங்களில் அறிக்கைகளை வாசிக்கச் செய்தது. எவற்றைக் கண்டால் புகார் அளிக்க வேண்டும் என்ற பட்டியல் அவற்றில் இருந்தது. கைகளை முழங்கை வரை கழுவுவது, முகம், வாய், மூக்கு, காது, கால்களைக் கழுவுவது ஆகியன அப்பட்டியலில் இடம்பெற்றன. உளூ என்ற சொல்லே சிதைந்த வடிவில் அவர்களின் ஏடுகளில் குற்றப் பெயராகப் பதிவாயிற்று. அண்டை வீட்டாரும் பணியாளரும் சாட்சிகளானார்கள்.

மிகேல் கன்யெத்தே என்ற தோட்டக்காரர் 1606 இல் விசாரிக்கப்பட்டார். வயலில் வேலைக்கிடையே உடலைக் கழுவினார் என்பதே அவர்மீதான குற்றம். வேறு எந்தச் சான்றும் இல்லை. அவர் சித்திரவதைக்கு உள்ளானார். எதையும் ஒப்புக்கொள்ளாததால் வழக்கு நிறுத்திவைக்கப்பட்டது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ஹென்றி சார்லஸ் லீ, மொரிஸ்கோக்கள் பற்றி 1901 இல் வெளியிட்ட நூலில் இவ்வழக்கைப் பதிவு செய்துள்ளார். மண்ணில் உழைத்தவன் மண்ணைக் கழுவியது குற்றமாயிற்று.

ஒரு முதியவரின் கேள்வி

1526 இலேயே அரபு மொழி, உடை, குளியல் ஆகியவற்றுக்கு எதிரான ஆணைகள் வந்தன. மொரிஸ்கோக்கள் பெருந்தொகை செலுத்தி அவற்றைச் சுமார் நாற்பது ஆண்டுகள் தள்ளிவைத்தார்கள். மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆணை 1567 ஜனவரி 1 அன்று கிரனாடாவில் பறைசாற்றப்பட்டபோது அந்தத் தவணையும் முடிந்தது. அரபு மொழி, பெண்களின் முகத்திரை, பாரம்பரிய உடை அனைத்தும் தடை செய்யப்பட்டன. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக் கதவுகள் திறந்தே இருக்க வேண்டும் என்று கட்டளையிடப்பட்டது. வீட்டிலும் வெளியிலும் குளியலகம் இருக்கக் கூடாது. இருப்பவை இடிக்கப்பட வேண்டும். அரசுக்குச் சொந்தமான குளியலகங்களிலிருந்தே இடிப்பு தொடங்கியதாக அக்கால வரலாற்றாசிரியர் லூயிஸ் தெல் மார்மோல் எழுதியுள்ளார்.

அப்போது பிரான்சிஸ்கோ நூன்யெஸ் மூலே என்ற முதிய மொரிஸ்கோ பிரபு, கிரனாடாவின் உயர்நீதி மன்றத் தலைவர் பெத்ரோ தெ தேசாவிடம் ஒரு விண்ணப்பம் அளித்தார். இளமையில் கிரனாடாவின் முதல் பேராயரிடம் பணியாற்றியவர் அவர், வெளிப்படையில் கிறிஸ்தவர். குளியலகம் உடல் தூய்மைக்கானது, சமயச் சடங்குக்கானது அல்ல என்று அவர் வாதாடினார். குளியல் போர்வீரர்களைப் பலவீனமாக்கும் என்ற அச்சத்தால் காஸ்தீலில் அது கைவிடப்பட்டிருக்கலாம்; எங்கள் மக்கள் போருக்குச் செல்வதில்லையே என்றார். குளியலகத்தை இடித்து, வீட்டிலும் குளிக்கக் கூடாதென்றால், எங்கள் பெண்கள் எங்கேதான் போய்க் கழுவிக்கொள்வார்கள் என்று கேட்டார்.

அவருடைய வாதத்தில் ஒளிந்திருக்கும் துயரம் நம் நெஞ்சைத் தொடுகிறது. தண்ணீரைக் காப்பாற்ற வேண்டுமானால் அதற்கும் மார்க்கத்துக்கும் தொடர்பில்லை என்று சொல்லியாக வேண்டிய நிலை. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. 1568 டிசம்பரில் அல்புஹாரா மலைப் பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. அது ஒடுக்கப்பட்டபின் 1570 இல் கிரனாடாவின் மொரிஸ்கோக்கள் ஊர் ஊராகச் சிதறடிக்கப்பட்டார்கள். 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3 இலட்சம் பேர் ஸ்பெயினிலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள். துனீசியாவின் தெஸ்தூர் நகரம் அவ்வாறு சென்றவர்கள் அமைத்த ஊர்களுள் ஒன்று. அங்கே அவர்கள் பாங்கொலி கேட்டு, எவரும் காட்டிக்கொடுப்பாரோ என்ற அச்சமின்றி உளூச் செய்தார்கள்.

தாரோ ஆற்றங்கரைக் குளியலகம் துணி துவைக்கும் இடமாகப் பயன்பட்டதால் தப்பிப் பிழைத்தது. 1918 இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அந்நாட்டின் மொழியில் கால்வாயையும் குளத்தையும் நீர்த்தொட்டியையும் குறிக்கும் சொற்கள் இன்றும் அரபு மூலம் கொண்டவை. மனிதர்களை வெளியேற்றியவர்களால் அவர்கள் விட்டுச்சென்ற தண்ணீரின் பெயர்களை வெளியேற்ற இயலவில்லை.

நமக்கான படிப்பினை

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே! இந்த வரலாற்றைப் படிப்பது பழம்பெருமை பேசவோ எவர்மீதும் பகைமை வளர்க்கவோ அல்ல. நம் கையிலிருக்கும் அருட்கொடையை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்று கேட்டுக்கொள்ளவே. அவர்கள் சுவரைத் தடவித் தூய்மை தேடினார்கள். நாமோ குழாயை முழுவதும் திறந்துவிட்டு, பேசிக்கொண்டே உளூச் செய்கிறோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது இரு கைகள் நிறைய அள்ளும் அளவில், உளூச் செய்ததாக ஹதீஸ் நூல்கள் தெரிவிக்கின்றன. பள்ளிவாசலின் ஹவ்ளுக்கருகே தேங்கும் அழுக்கும், கழிப்பறையைப் பயன்படுத்தியபின் அடுத்தவரை எண்ணாமல் விட்டுச்செல்லும் அலட்சியமும், வீட்டை மட்டும் பெருக்கிக் குப்பையைத் தெருவில் தள்ளும் பழக்கமும் நம்மிடையே இல்லையென்று சொல்ல முடியுமா? இப்னு அப்தூன் இன்று நம் தெருவுக்கு வந்தால் என்ன எழுதுவார்?

நம் பிள்ளைகளுக்கு உளூவின் ஃபர்ளுகளைக் கற்பிக்கும்போது கிரனாடாவின் கதையையும் சொல்வோம். முழங்கை வரை கழுவும் அந்தச் சிறு செயலை இரகசியமாகக் காத்தவர்களின் நினைவு, அவர்களின் விரல்களில் வழியும் நீருக்கு ஒரு மதிப்பைத் தரும். உடலையும் உள்ளத்தையும் தெருவையும் தூய்மையாக வைத்திருக்கும் நல்வாய்ப்பை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.